1147-க்குள் பெய்த மழை

2008 மார்ச் 11, செவ்வாய். பிழை: மரப்பிடியைக் கழற்றும் முன் அதில் துப்பாக்கியின் எண்ணைக் குறிக்கவில்லை. விளைவு: 1147-ஆம் எண் துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் மழை பெய்கிறது.

ஹெல்வே இப்படி எழுதிவிட்டு, 'பெய்கிறது' என்பது சரிதானா என்று இன்னொரு முறை கண்ணை வைத்துப் பார்த்தாள். பெய்துகொண்டுதான் இருந்தது. வெளியே எஸ்டோனியாவின் மார்ச் மாதம், முற்றத்தில் அழுக்குப் பனி. தொலைநோக்கிக்குள் பச்சை வயல்மீது சாய்ந்து விழும் கனத்த மழை. அவள் படிக்கும் மாலைநேரத் தொழில் வகுப்பில் ஒவ்வொரு நாளின் குறிப்பையும் அன்றைய பிழையிலிருந்துதான் தொடங்கச் சொல்லியிருந்தார்கள். எதிலும் தன்னையே முதலில் சந்தேகிக்கும் ஹெல்வேக்கு அது சிரமமாக இருக்கவில்லை. இருபத்துநான்கு வயதுக்குள் நான்கு நோட்டுகள் நிரம்பியிருந்தன.

அந்தத் துப்பாக்கிகள் கடல் கடந்து அன்பளிப்பாக வந்த பழைய எம்-14கள். வியட்நாமில் ஈரம் குடித்தவை, பிறகு முப்பது ஆண்டுகள் மசகுக்குள் தூங்கியவை. இங்கே அணிவகுப்புக்கும் காவலுக்கும் சில காலம் நின்றன. பிறகு, பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் மற்றவர்களைவிடத் தொலைவில் பார்த்துச் சுட ஒருவன் வேண்டும் என்று ராணுவம் முடிவு செய்தது. புதிய துப்பாக்கி வாங்க வசதியில்லை. ஆகவே பழையதன் மரத்தைக் கழற்றி, அலுமினிய உடல் மாட்டி, கன்னம் வைக்க ஒரு தாங்கியும் முன்னால் இரண்டு கால்களும் மேலே தொலைநோக்கியும் பொருத்தும் வேலை, ரயில் பாதைக்கு அப்பாலிருந்த அந்தச் சிறிய பட்டறைக்கு வந்தது. அங்கே மூன்று பேர்: ஹெல்வே, உர்மாஸ், தலைவர் ஹெல்டுர். மூவருமே களைத்திருந்தார்கள். ஹெல்டுர் உட்கார்ந்தால் நாற்காலியும் சேர்ந்து பெருமூச்சு விட்டது.

கழற்றிய பிடிகள் எல்லாம் காய்ந்து இறுகிய அக்ரூட் மரம். பக்கத்து வீட்டுக்காரனை அவனுடைய விறகு அடுக்கை வைத்தே எடைபோடும் ஊர் அது. உலர்ந்த கட்டையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. உர்மாஸ் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போய், சனிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பில் வைத்தான். யாரும் தடுக்கவில்லை. மார்ச் முதல் சனிக்கிழமை அவன் ஆறு பிடிகளை எரித்தபோது சவுனாவின் கூரைக்குக் கீழிருந்து வெதுவெதுப்பான மழை இறங்கியது. பலகைகளுக்கு அடியில் தவளைகள் கத்தின. கூரையின் வெளிப்புறத்தில் பனி அப்படியே கிடந்தது.

"கல்லுமேல தண்ணி ஊத்துற வேலை மிச்சம்," என்றான் உர்மாஸ் திங்களன்று. "பொண்டாட்டி அங்கேயே துணி அலசுறா. நீயும் சனிக்கிழமை வா, ஹெல்வே. துண்டு மட்டும் கொண்டா, மழை எங்களோடது."

அந்த மூட்டையில் பிடி போன ஆறு துப்பாக்கிகளில் ஐந்துக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆறாவது 1147. ஹெல்வே அதற்கு மூன்று தொலைநோக்கிகளை மாற்றிப் பார்த்தாள். மூன்றிலும் மழை. மழைக்குப் பின்னால் அறுநூறு மீட்டர் தொலைவிலிருந்த இலக்குப் பலகை மங்கலாகத் தெரிந்தது. குண்டு மட்டும் சொன்ன இடத்தில் போய் விழுந்தது. ஏப்ரலில் பாலைநிலப் போர்முனையான ஹெல்மண்டுக்குப் புறப்படும் படையின் பட்டியல் வந்தபோது 1147-க்கு நேராக அவளுடைய தம்பி டாவோவின் பெயர் இருந்தது. எண்ணை மாற்றிவிடலாம். மாற்றினால் மழை வேறொருத்தியின் தம்பிக்குப் போகும். இரண்டு இரவுகள் யோசித்துவிட்டு அவள் பட்டியலைத் தொடாமல் விட்டாள்.

டாவோ சுட்டுப் பழக வந்தான். கண்ணை வைத்தான், எடுத்தான், துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

"அக்கா, உள்ள மழை பெய்யுது."

"தெரியும்."

"நிக்குமா?"

"உர்மாஸ் வீட்ல இன்னும் நிக்கல."

"நல்ல அக்கா. ஊர்ல எல்லாரும் தம்பிக்குக் கம்பளிக் கையுறை பின்னுவாங்க. நீ மழை கட்டித் தர்ற," என்றான் டாவோ. சிரிக்க முயன்று பாதியில் விட்டான். "ஆளு தெரியலன்னா நான் என்ன பண்றது?"

உர்மாஸ் எரித்த ஆறில், எந்த எண்ணுடையது என்று தெரியாத ஒரு சாண் நீளக் கட்டை மட்டும் எரியாமல் மிஞ்சி, சவுனாக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஹெல்வே அதைக் கேட்டு வாங்கினாள். மெல்லியதாகச் சீவிக் கன்னத் தாங்கியின் அடியில் பொருத்தினாள். மழை தூறலாக இளைத்தது. அதற்குமேல் இளைக்கவில்லை.

"'தெளிவு போதுமானது'ன்னு எழுதிட்டுப் படுத்துத் தூங்கு," என்றார் ஹெல்டுர். அவள் 'தூறல்' என்று எழுதினாள். சரிபார்க்க வந்த அதிகாரி அதைப் படித்தார், கண்ணை வைத்துப் பார்த்தார், தண்ணீர் வெளியே ஒழுகுகிறதா என்று கேட்டார். ஒழுகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஏப்ரல் போனது, கோடை போனது. ஹெல்வே தினமும் தபால்பெட்டியைத் திறந்தாள். செப்டம்பரில் டாவோவின் கடிதம் வந்தது. புழுதி, வெயில், வந்ததிலிருந்து மேகமே இல்லாத வானம் என்று தொடங்கியிருந்தான். ஒரு விடியற்காலை மண்சுவர் ஓரமாக ஒருவன் வந்தான், தோளில் நீளமாக ஏதோ இருந்தது. மற்றவர்களின் தொலைநோக்கிகளில் அது துப்பாக்கி. நிச்சயமென்றால் சுடு என்று உத்தரவு வந்தது. டாவோவின் தொலைநோக்கியில் தூறிக்கொண்டிருந்தது. அந்த மனிதன் நின்றான். அண்ணாந்து பார்த்தான். உள்ளங்கையை விரித்து நீட்டி, நனைந்த கையை முகத்தில் தடவிக்கொண்டான். 'அப்புறம் என்னால விரலை மடக்க முடியலக்கா. சார்ஜென்ட் வாய்க்கு வந்தபடி திட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு அவன் மடை வெட்டிவிட, பக்கத்து வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. தோள்ல இருந்தது மண்வெட்டி. மழைய சரி பண்ணிடாதே. எல்லாரும் நல்லா இருக்கோம். கருப்பு ரொட்டி அனுப்பு.'

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஹெல்வே மற்ற இருவருக்கும் காட்டினாள். ஹெல்டுர் நெடுநேரம் எதையோ தேடுவதுபோல் இழுப்பறையைக் கிளறினார். பிறகு புதிய பதிவுத் தாள்களில், எடைக்கும் நீளத்துக்கும் கீழே, மழைக்கு ஒரு கட்டம் போடச் சொன்னார்.

2008 செப்டம்பர் 4, வியாழன். பிழை: இன்று தெரிந்தவரை இல்லை, நாளை தெரியலாம். நாளைய வேலை: 1152 முதல் 1157 வரை. முதலில் எண், பிறகு மரம். பிடிகளை இனி எரிக்கக்கூடாது என்று உர்மாஸிடம் சொல்ல வேண்டும். தபால் நிலையம் மூடுவதற்குள் இரண்டு ரொட்டிகள் அனுப்ப வேண்டும்.