அணைக்கட்டுக்குப் போன இராஜம்மா

கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

என் பெண்சாதி இராஜம்மா கோலாலம்பூரில் தண்ணீர் இலாகா துரை வீட்டு ஆயா. 1936-இல் துரை லீவில் சீமைக்குப் போனபோது, தன் ஐந்து வயது மகளைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போனார். அந்த மனுஷனுக்கு லீவிலும் அணைக்கட்டு நினைப்புதான். அணை பார்க்கவென்றே அங்கிருந்து ஸ்பெயின் தேசத்தில் ஒரு மலையூரில் போய்த் தங்கினார்கள்.

"சின்ன ஊருதான். பழைய கோட்டை இருக்கு, ஐநூறு வருசத்து மாதா கோயில் இருக்கு. கீழே ரெண்டு இடத்துல ஆத்தை மறிச்சுத் தண்ணி தேக்கியிருக்காங்க" என்று எழுதியிருந்தாள். நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் அதைப் பத்துப் பேருக்காவது படித்துக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பதிலில், "ஆடிப் பதினெட்டு வருது. தண்ணி பக்கத்துலயே இருக்கு, விட்டுடாதே. பூ விட்டுக் கும்பிட்டு, தாலிக்கயிறு மாத்திக்க" என்று எழுதினேன். என் ஆயுசுக்காக! நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆடி பிறந்த கையோடு அங்கே சண்டை மூண்டது. முடிவெட்டும் கடைப் பேப்பரில்தான் பார்த்தேன். பிறகு கடிதமே இல்லை. எப்படியாவது அவள் வந்து சேர்ந்தால் போதும் என்று வேண்டாத சாமியில்லை.

ஐப்பசியில் துரையின் கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடினேன். துரை இறங்கினார். துரைசாணி இறங்கினாள். குழந்தை இறங்கியது. அதற்குப் பின்னால் யாருமில்லை.

"ராஜம்மா தாக் அடா, சின்னையா" என்றார் துரை. இல்லை என்பதைச் சொல்ல அவருக்குத் தெரிந்தது மலாய்தான். ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி ஆள் வந்த காலையில் அவள் பூவோடு அணைக்கட்டுக்குப் போயிருந்தாளாம். எங்கெங்கோ தேடினார்களாம், கிடைக்கவில்லையாம். அங்குள்ள இங்கிலீஷ்கார அதிகாரிகளுக்கு எழுதுகிறேன் என்றார். நான் என்னையே நொந்துகொண்டு தலையாட்டினேன்.

குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. இராஜம்மா தூக்கி வளர்த்த பிள்ளை, தமிழ் நன்றாக வரும். பெற்றவர்களுக்கு ஒரு சொல் புரியாது.

"ஆயா வந்தாங்க. காரு பின்னாடியே ஓடி வந்தாங்க. நான் கத்துனேன், அப்பா நிறுத்தவே இல்ல."

குழந்தை என்ன சொல்லுது என்று துரை மலாயில் கேட்டார். அவளைத் தேடச் சொல்லி எழுத எனக்கு அவரை விட்டால் வேறு ஆளில்லை.

"ஒன்னுமில்ல, துரை" என்றேன்.