நுண்ணுயிர்களுக்கு ஓர் அறை

நாட்டின் அடுத்த பால் புரட்சி மாட்டின் மடியில் தொடங்கப்போவதில்லை, அதன் இரைப்பையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களிடமிருந்து தொடங்கப்போகிறது என்று ஹரிபிரசாத் அறிவித்தார். 2003 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. மராத்தி பேசும் நகரம் ஒன்றின் புறநகரான கோந்த்வாவின் ஓரத்திலிருந்த அந்தக் கொட்டகையில் அவர் பேச்சைக் கேட்கப் பதினொரு மாடுகளும் இருதயராஜும் இருந்தார்கள். தரை ஈரமாக இருந்ததால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றிருந்தார். அது பால் கறக்கும் வாளி. புரட்சி முடியட்டும் என்று இருதயராஜ் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு காத்திருந்தான்.

ஹரிபிரசாத் கோயம்புத்தூர்க்காரர். நகரின் மறுகோடியில், ஔந்தில் சொந்த ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடு வளர்த்தார். மற்ற ஆறு நாளும், ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பிப் போன பிறகும், வளர்ப்பவன் இருதயராஜ்.

அவர் கையிலிருந்த டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெளிர்பழுப்புப் பொடி.

“இதுல இருக்கறது எல்லாமே உயிரோட இருக்குப்பா. ஒரு ஸ்பூன்ல கோடி. உள்ள போய்த் தீவனத்தை முழுசா ஜீரணம் பண்ணிக் குடுத்துரும். இனிமே பிண்ணாக்கு பாதி போதும்.”

“பாதியா சார்? இப்பவே மாட்டுக்கு ஆறு லிட்டர்தான் எறங்குது.”

“அதுக்குத்தான் இது. ஜூன்ல ஒம்பது வரணும். வரலைன்னா மொத்தத்தையும் வித்துட்டு இடத்தை பில்டருக்குக் குடுத்துருவேன். நீ வேற வேலை பாத்துக்க.”

வேலை போனால் வீடும் போகும். கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறையில்தான் இருதயராஜும் அவன் மனைவி லீலாவும் எட்டு மாதப் பெண்குழந்தையும் குடியிருந்தார்கள்.

பொடியிலிருந்த உயிர்களுக்குச் சூடு ஆகாதாம். அன்று மத்தியானமே டெம்போவில் சின்ன பிரிட்ஜ் ஒன்று வந்தது. கொட்டகையில் மாடு முட்டிவிடும் என்று அதை அறைக்குள் வைத்தார்கள். அறையில் இருந்தது ஒரே ஒரு ப்ளக். பிரிட்ஜைக் கொண்டுவந்தவன் மேசை விசிறியைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினான்.

“இதுக்குள்ள வேற எதையும் வைக்கக்கூடாது. முக்கியமா மீன்,” என்று ஹரிபிரசாத் லீலாவைப் பார்த்துச் சொன்னார்.

நான்கே நாளில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தகரத்துக்குக் கீழே மூன்று பேர் வெந்துகொண்டிருக்க, மூலையில் கோடானுகோடிப் பேர் குளுகுளுவென்று இருந்தார்கள்.

“அரே, பங்காவைப் போடுய்யா!” என்றாள் லீலா. கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; விசிறி என்ற சொல் அவள் வாயில் வராது. “அதுங்களுக்குக் குளுரு, என் பொண்ணுக்கு வேர்க்குருவா?”

“சாருக்குத் தெரிஞ்சா?”

“அதுங்க போயி சொல்லப்போவுதா?”

முதலில் ராத்திரிக்கு மட்டும் ப்ளக் மாறியது. பிறகு மத்தியானத்துக்கும் மாறியது. பத்தாம் நாள் இருதயராஜ் பிரிட்ஜைத் திறந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். அடைகாக்கும் கோழியின் வயிறுபோல வெதுவெதுவென்று இருந்தது.

“செத்துப்போச்சா லீலா?”

“என்னைக் கேட்டா? உசுரோட இருந்தப்பவே தெரியல. செத்தா மட்டும் தெரியுமா?”

“மோந்து பாரேன். நாறுதா?”

மோந்து பார்த்தாள். “கொழந்தைக்குப் போடற பவுடர் வாசனைதான் வருது.”

நாறவில்லை என்பதற்காகச் செத்ததை மாட்டுக்குக் கொடுத்துவிட முடியுமா? அதுவும் ஒரு ஸ்பூனுக்குக் கோடி. இருதயராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு டப்பாவை இறுக மூடி உள்ளே வைத்தான். அன்றோடு பொடி நின்றது. பிண்ணாக்கு ஏற்கெனவே பாதி. பால் ஐந்தரைக்கு இறங்கியது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி லீலாவுக்குத்தான் தோன்றியது. கோர்படியில் துரைசாமி என்பவர் மெஸ் நடத்தினார். இட்லிக்கு உளுந்து கழுவிய பொட்டு, புளித்த கஞ்சி, கழனித்தண்ணி எல்லாம் அங்கே தினமும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. போய்க் கேட்டாள். துரைசாமி சாக்கடைக்குச் சும்மா கொடுத்ததை மாட்டுக்குச் சும்மா கொடுக்க மனம் வராமல், “காலைல வந்து அண்டா தேய்ச்சுக் குடும்மா, எடுத்துட்டுப் போ,” என்றார். லீலா குழந்தையை ஓர் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு அண்டா தேய்த்தாள். இருதயராஜ் சைக்கிளில் இருபக்கமும் கேன் கட்டி, பொட்டு மூட்டையைக் கேரியரில் வைத்து, தளும்பத் தளும்ப மேடேறி வந்தான். தவிட்டில் கஞ்சியும் பொட்டும் பிசைந்து வைத்தான். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டான். ஒரு வாரத்தில் மாடுகள் அவன் சைக்கிள் மணியை அடையாளம் கண்டுகொண்டன.

மே கடைசியில் ஏழரை. முதல் மழைக்குப் பிறகு ஒன்பதரை.

ஜூன் மூன்றாம் ஞாயிறு ஹரிபிரசாத் இரண்டு பேரை அழைத்து வந்தார். ஒருத்தி பொடிக் கம்பெனியைச் சேர்ந்த பார்கவி. மற்றவர் பத்திரிகைப் போட்டோகாரர். பாலை அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். ஹரிபிரசாத் வாளியைத் தேடினார். இந்தத் தடவை அது நிறைந்திருந்ததால் தரையிலேயே நின்று பேசினார். கோடானுகோடி உயிர்களின் மௌன உழைப்பைப் பற்றி அவர் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. இருதயராஜுக்குத் தாங்கவில்லை.

“சார், ஒண்ணு சொல்லணும். அதுங்க செத்துப்போச்சு சார். ஏப்ரல்லயே.”

“எதுங்க?”

“உங்க ஆளுங்க. கோடிப் பேரும்.”

ப்ளக், விசிறி, கஞ்சி, பொட்டு, அண்டா எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். போட்டோகாரர் கேமராவைத் தாழ்த்தினார். ஹரிபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“இரு. செத்துப்போறதுக்கு முன்னால பத்து நாள் குடுத்தே இல்ல?”

“குடுத்தேன் சார்.”

“பாத்தீங்களா மேடம்! பத்தே நாள்ல வயித்துக்குள்ள செட்டில் ஆயிருச்சு. அதுக்கப்புறம் இவன் கண்ட கஞ்சியை ஊத்தியும் கெடுக்க முடியல!”

பார்கவி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“பயப்படாதே, மாட்டை விக்கலை. உன் வேலைக்கு ஒண்ணுமில்ல,” என்றார் ஹரிபிரசாத். “ஆனா பிரிட்ஜ் இருக்கற ரூம்ல குடும்பத்தை வெச்சதுதான் தப்பு. இந்த ரூமை லேப் ஆக்கிரலாம். நீங்க வைக்கோல் கொட்டாய்ல ஒரு ஓரமா இருந்துக்குங்க. நல்லாக் காத்தோட்டமா இருக்கும்.”

காற்றோட்டமாகத்தான் இருக்கும். அதற்கு மூன்று பக்கம்தான் சுவர்.

“அப்ப கஞ்சி சார்? நிறுத்திடட்டுமா?”

ஹரிபிரசாத் பார்கவி நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வேணாம். அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

மழை பிடித்துக்கொண்டது. லீலா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு முன்னால் போனாள். இருதயராஜ் பாயையும் துணி மூட்டையையும் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் திரும்பிப் பார்த்தான். பார்கவி பிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மேடம், ஏதாச்சும் உசுரு இருக்கா?”

“மழை வலுக்கறதுக்குள்ள போங்க,” என்றாள் அவள், டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியபடி.

அந்தப் பொடி பிப்ரவரியிலேயே காலாவதியாகியிருந்தது.