அழுதால் மூக்கடைக்கும்

எங்கள் தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களைத் திட்டியிருக்கிறேன், ஆனால் பொய்யென்று சொல்லமாட்டேன். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே தையற்கடைக்காரர் முதல் தண்ணீர் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். மகனுக்குக் கப்பலில் வேலை. அவன் இல்லாத குறை தெரியாமல் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்தானே.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. சின்ன வயதில் யாரோ ஒருவர் மரத்துப்போவதற்கு முன்பே அவள் பல்லைப் பிடுங்கிவிட்டாராம். அன்றிலிருந்து பல் டாக்டர் என்றாலே அவளுக்குக் கைகால் உதறும்.

நாற்காலியில் சாய்ந்ததும் அவள் வாய் பூட்டிக்கொண்டது. டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி.

"பயப்படாதீங்க. சிரிப்பு வாயுன்னு ஒண்ணு இருக்கு, மூக்குல மாட்டிவிடுவோம். முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க, ஆனா பயம் போயிடும். அப்புறம் ஊசி போட்டா பெருசாத் தெரியாது. கர்ப்பமா இருக்கீங்களா?"

"ஆமா, மூணாவது மாசம்," என்று முந்திரிக்கொட்டை மாதிரி நான் சொன்னேன்.

"அப்போ வாயு வேண்டாம்மா. முதல் மூணு மாசத்துல நாங்க குடுக்கறதில்ல. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு எடுத்துடலாம்."

ஊசி கிட்டே வரும்போதெல்லாம் மருமகளின் தலை தானாகத் திரும்பிக்கொண்டது. நெற்றி வியர்த்து, உதடு வெளுத்துவிட்டது. எனக்கோ எரிச்சல்.

"வயித்துப் பிள்ளைய நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"பல்லக் கடிச்சா நான் எப்படி எடுக்கறது?" என்றார் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை. சீழைத் தள்ளிப்போட முடியாது என்றும் சொன்னார்.

மருமகள் தலைக்கு மேல் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே, "வாயுவே குடுங்க," என்றாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"வயித்துல ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க போன மாசம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல, அப்பவே கலைஞ்சுபோச்சு. தனியா ஆஸ்பத்திரி போயிட்டு வந்துட்டேன். அவர்கிட்டயும் சொல்லல."

ஏன்டி என்னிடம் மறைத்தாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஊசியும் நூலும் ஞாபகம் வந்தன. முந்தாநாள்தான் அவள் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதத்திலேயே எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குப் பொறுக்காது. என் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தவள் அவள்தான். வாளியைத் தூக்காதே என்றால் தூக்காமல், ஒருக்களித்துப் படு என்றால் படுத்து, எல்லாவற்றுக்கும் சரி அத்தை என்றாள். வேறென்ன செய்வாள் பாவம்? ரேடியோவிடம் போய் யார் துக்கத்தைச் சொல்வார்கள்?

டாக்டர் என்னைப் பார்க்காமல் ரப்பர் மூக்குக் கவசத்தை அவளுக்கு மாட்டினார். குழாயோடு இணைந்த பை அவள் மூச்சுக்கு ஏற்ப உப்பி இளைத்தது. கொஞ்ச நேரத்தில் இறுக்கியிருந்த விரல்கள் பிரிந்தன, தோள் இறங்கியது. சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. என்னத்துக்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கண்ணோரம் நீர் வழியத் தொடங்கியது.

"அழாதீங்கம்மா. மூக்கு அடைச்சுக்கிட்டா வாயு உள்ள போகாது," என்றார் டாக்டர்.

அவள் தலையசைத்தாள். ஒரு தடவை எச்சிலை விழுங்கினாள். அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது. அத்தனை வாயுவும் தலைக்கேறிய நிலையிலும் எவ்வளவு லேசாக நிறுத்தினாள் தெரியுமா? ஒரு மாதம் என் வீட்டில், என் கண்ணெதிரே பழகிய பழக்கம்.

ஊசி போட்டு, மரத்துப்போனதும் பல் வந்தது. வெறும் ஆக்ஸிஜனைச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு மூக்குக் கவசத்தைக் கழற்றினார்கள்.

"இப்ப அழு," என்றேன்.

பஞ்சைக் கடித்தபடி வேண்டாம் என்று தலையாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கூட்டிவந்தேன். தையற்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கா? பிள்ளை எப்படி இருக்காம்?"

என் கைக்குள் அவள் விரல்கள் விறைத்தன. ஊசியைப் பார்த்தபோது விறைத்த அதே விறைப்பு.

"பல்லு எடுத்திருக்கு. பேச முடியாது," என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை.

தெரு முனை திரும்பியதும் அவள் நின்றாள். என் தோளில் முகத்தைப் புதைத்து, மூக்கடைத்துப்போகும் வரை அழுதாள்.