லெய்சாலேயின் எடை

எமாய் தீவின் விமான நிலையத்து எடை மெஷினில் லெய்சாலே நிற்க நிற்க, அவள் எடை கூடிக்கொண்டே போனது. அந்த வாரம் சேப்பங்கிழங்கும் விலை ஏறியிருந்தது. இரண்டுக்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எங்கள் தீவில் பயணம் போகிறவரிடம் செய்தி சொல்லி அனுப்பாமல் விட்டால் அவரை அவமதித்த மாதிரி. போனில் சொல்வது வெறும் பேச்சு. ஆள் சுமந்துபோய்ச் சொன்னால்தான் செய்தி. தலைநகர் போர்ட் விலாவின் ஆஸ்பத்திரியில் அவள் மகள் லெய்மாராவுக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை என்று தெரிந்தும், ஊரே வேலியோரம் வரிசை கட்டியது. "என் தம்பிகிட்ட படகு எஞ்சினைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு." "என் மவன்கிட்ட, அவன் அப்பனுக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்லு." ஒவ்வொரு செய்திக்கும் முள் நகர்ந்தது. செய்திக்கு எடை உண்டென்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். இவ்வளவு சேர்ந்து பார்த்ததில்லை.

டிக்கெட் கொடுக்கும் கல்மெட் அவளுடைய அண்ணன் மகன். "அத்தே, இது குட்டி விமானம். நீ ஒருத்தியே மூணு ஆளா நிக்கிறியே!"

"அப்போ இதுங்களை வாயை மூடச் சொல்லுடா!" என்று அழுதுகொண்டே கத்தினாள். விமானி சூரியனைப் பார்த்தார். எங்கள் புல் ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை. கப்பலோ அதன் இஷ்டத்துக்கு வரும். லெய்மாரா வெள்ளிவரை தாங்குவாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஊருக்கு வெட்கம் வந்தது. ஒவ்வொருவராக வந்து தங்கள் செய்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இலையில் சுட்ட லாப்லாப் கிழங்குக்களி, பாய், செருப்பு எல்லாவற்றையும் அவள் இறக்கினாள். அப்படியும் ஓர் ஆள் பாரம் கூடுதலாக நின்றது.

"இன்னும் யாரோடது அத்தே?"

"என்னோடது." மகள் மலக்குலா தீவுக்காரனைக் கட்டிக்கொண்டு போன நாள் முதல் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது.

"இங்கேயே இறக்கி வையி. நான் பாத்துக்கிறேன்."

"போடா! அதைச் சொல்லத்தானே போறேன்."

சர்ச் கூட்டத்துக்குப் போக விமானத்தில் ஏறியிருந்த பாதிரியார், பெட்டியோடு இறங்கி அந்தச் சொல்லுக்கு இடம் விட்டார். விமானம் தென்னந்தலைகளை உரசி மேலேறியது. அது கண்ணுக்கு மறையும்வரை நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஆஸ்பத்திரியில் லெய்மாரா வெளிறிப்போய்க் கிடந்தாள். தாய் குனிந்து அவள் காதில் அந்தச் சொல்லைச் சொன்னாள். கட்டிலின் ஒரு கால் வளைந்து தரையில் இடித்தது. நர்ஸ் வேறு கட்டில் தள்ளி வந்தாள். விடிவதற்குள் ரத்தம் நின்றது. மருந்தால் என்றார் டாக்டர், நாங்கள் மறுக்கவில்லை. லெய்மாரா கண்ணைத் திறந்து தாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே?"