கூலி இல்லாத நடவு

அண்ணன் வந்தபோது அவள் மிளகாய் நாற்றைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் நட்டாக வேண்டும். இந்தப் பருவத்தின் முதல் முறை அவளுடையது. எட்டுக் குடும்பமும் இன்று அவள் வயலில்தான் இறங்கும்.

ஆற்றோரத்து எட்டு வயல்களிலும் நடவு எப்போதும் அப்படித்தான். ஒரு நாள் ஒருவர் வயல். எல்லோரும் சேர்ந்து நட்டுவிட்டு அடுத்த நாள் அடுத்த வயலுக்குப் போவார்கள். யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. தங்கள் முறை வரும்வரை மற்ற வயல்கள் பழைய செடி பிடுங்கப்பட்டு வெறுமையாகக் கிடக்கும்.

அண்ணன் சப்பாத்தில் சேறு படாமல் வரப்பிலேயே நின்றான். பூக்கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். வயல்களை மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்ற பிளாஸ்டிக் கூடாரங்கள் அந்தக் கம்பெனியுடையவை. உள்ளே வளரும் ரோஜா, வெட்டிய கையோடு விமானம் ஏறி, இங்கே யாரும் பார்த்திராத ஒரு நாட்டில் ஏலம் போகும். அங்கே விலை ஏறினால் இங்கே இன்னொரு கூடாரம் முளைக்கும். நாலாவது பக்கம் ஆறு. கம்பெனிக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு முன்னால் கிடந்த இந்த வயல்களும் வேண்டும்.

இந்த நிலத்தில் எட்டுக் குடும்பத்தாரின் பெற்றோரும் ஒரு பண்ணைக்காரரிடம் கூலிக்கு உழைத்தவர்கள். அவர் நிலத்தை விட்டுவிட்டுப் போன பிறகு ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பயிர் வைத்தார்கள். பட்டா மட்டும் கிடைக்கவில்லை. இப்போது புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. பயிர் செய்கிறவருக்கே பட்டா. தரிசாகக் கிடந்தால் கம்பெனிக்குக் குத்தகை. நில அதிகாரி நேரில் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவர் அடுத்த வாரம் வருவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இன்றைக்கே வருகிறார் என்றான் அண்ணன். கம்பெனி மானேஜர்தான் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எட்டில் ஏழு வெறுமையாகக் கிடக்கும் நாள் அவருக்குத் தெரியாதா என்ன.

அவள் சாக்கைக் கீழே வைத்தாள். எல்லோரையும் அவரவர் வயலுக்கு ஓடச் சொல்லிவிடலாம் என்றாள். அவர்கள் நாற்றெல்லாம் இன்னும் ஓரப் பாத்தியில் நிற்கிறது, அதிகாரி வருவதற்குள் எதை நட்டுவிடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். வெறும் மண்ணில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரை எந்த அதிகாரி விவசாயி என்று எழுதுவார்?

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு பாப்பா. உன் வயல்ல நடவு நடக்குது, நீ தப்பிச்சே. அவர் கேட்டா, இவங்கல்லாம் கூலிக்கு வந்தவங்கன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. உன் வயலைக் கம்பெனி தொடாது. மானேஜர்கிட்ட பேசி வாங்கியிருக்கேன்."

"மத்தவங்க?"

"எல்லாரையும் தூக்கிச் சுமக்க என்னால ஆகாது."

மடையில் மண்வெட்டியோடு நின்ற அவள் கணவனுக்கும் அது கேட்டது. அவனும் அந்தக் கூடாரங்களில் வேலை பார்த்தவன்தான். மருந்து அடித்து அடித்து இரண்டு கையும் வெந்துபோன பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் போனதும் அவன் அருகே வந்தான். நமக்கு இதை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். அவன் மடைக்குத் திரும்பினான்.

சற்று நேரத்தில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த வயல்காரியை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் திறந்த வாய் தூங்கும்போதுதான் மூடும். மடையில் நின்ற இவள் கணவன் தண்ணீர் கட்டும் அழகைப் பார்த்தால் செடி தானே நடந்துபோய் ஆற்றில் குடித்துவிட்டு வந்துவிடும் என்று ரேடியோ ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அதிகாரி வருவதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் குனிந்து அடுத்த குழியைத் தோண்டினாள்.

"என்னடி, உன் செடியெல்லாம் குடிச்சிட்டு நிக்கிற மாதிரி சாயுது?" என்றாள் ரேடியோ. தன் வரிசையை விட்டுவிட்டு வந்து இவள் நட்டதை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே மானேஜரின் கார். அண்ணன் காரிலிருந்து இறங்கி இவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

யாருடைய வயல் என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் இவளைக் காட்டினார்கள். மற்றவர்கள் யார் என்று கேட்டதும் மானேஜர் முந்திக்கொண்டார். எல்லாம் கூலி ஆட்கள், அந்தப் பக்கம் முழுவதும் தரிசு, பாருங்கள் என்றார்.

பேச்சு நின்றுபோனது. ரேடியோவின் வாயும்தான்.

"அப்படியாம்மா? கூலிக்கு வந்தவங்களா?" என்று அதிகாரி இவளிடம் கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். மடையோரம் நின்ற கணவனைப் பார்த்தாள். மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றித்தான் அவனால் பிடிக்க முடியும். இந்த வயல் போனால் அந்தக் கைகளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பக்கத்தில் ரேடியோவின் முகம் வெளிறியிருந்தது. ஆனால் கையிலிருந்த நாற்றை அவள் கீழே போடவில்லை. குழியில் வைத்து, வேரைச் சுற்றி மண்ணை அணைத்து, பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தச் செடி இவளுடையது.

"கூலி இல்ல சார்" என்றாள். "இன்னிக்கு என் வயல். நாளைக்கு இவங்க வயல், நான் போய் நடுவேன். எட்டும் அப்படித்தான்."

மானேஜர் சிரித்தார். இதெல்லாம் வாய்க்கு வந்த கதை என்றார். அதிகாரி வெறும் வயல்களை ஒருமுறை பார்த்தார். இவள் வயலுக்கு மட்டும் என்றால் இப்போதே எழுதிவிடலாம், ஆனால் இப்படிச் சொன்னால் எல்லாமே சந்தேகத்துக்கு வந்துவிடும் என்றார். எட்டுக்கும் எழுத, இதில் பங்கில்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சுற்றும் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"நீங்க இந்தப் பக்கத்து ஆளா?"

மானேஜரும் திரும்பினார். அண்ணன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அதை விட்டுவிட்டான்.

"இது எங்கப்பா வயல் சார். தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்தது. நானும் இங்க எல்லார் வயல்லயும் நட்டிருக்கேன்."

"கூலி கொடுத்தாங்களா?"

"இல்ல சார். யாரும் கொடுத்ததில்ல."

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த வயலில் இறங்கினார். ஒவ்வொரு வயலாக நடந்து, ஓரத்தில் முளைத்து நின்ற நாற்றுப் பாத்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சேர்ந்து பயிர் செய்கிறவர்களுக்கு ஒரே பட்டா, எட்டுப் பேருக்கும் பொது என்றார். தனியாகப் பிரிக்க முடியாது, விற்கவும் முடியாது, கம்பெனி மேல்முறையீடு செய்தால் விசாரணைக்கு எல்லோரும் சேர்ந்துதான் வர வேண்டும். சம்மதமா என்று கேட்டார்.

தனக்கென்று ஒரு பட்டா என்பது அவள் கணவனின் பல வருட ஆசை. அவள் அவனைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையசைத்தான்.

"போச்சு போ" என்றாள் ரேடியோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே இவகூட சண்டை போட்டாலும் பிரிஞ்சு போக வழியில்ல."

மானேஜரின் கார் அண்ணனை ஏற்றாமலே கிளம்பியது. அவன் புழுதி அடங்கும்வரை வரப்பில் நின்றான்.

"வேலை போச்சாண்ணா?"

"போயிருக்கும். உங்க அண்ணிகிட்ட நீதான் வந்து சொல்லணும்."

"சொல்றேன்." அவள் ஈரச் சாக்கிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "வெயில் ஏறுது. சப்பாத்தைக் கழட்டிட்டு இறங்கு."