குப்பை என்று சொன்ன கிண்ணம்

இருபத்திரண்டு வருஷமாக நான் ஜப்பானில் கனசாவா ஊரில் தீ இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். என் பெயர் சனாயே; சனாயேவுக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். திறக்க வேண்டிய அன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

நுகுயி ஸார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தேநீர்க் கிண்ணம் சேர்ப்பதில் பைத்தியம். சம்பளத்தில் பாதி அதில்தான் கரைந்தது என்று அவர் மனைவி ஃபுமியே அம்மா சிரித்துக்கொண்டே திட்டுவார். போன அக்டோபரில் அவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கப் போனேன். வீட்டுப் பாலிசியில் ஒரு விதி உண்டு. மூன்று லட்சம் யென்னுக்கு மேல் பெறும் பொருள் எதுவானாலும் அதைப் பெயர் சொல்லித் தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் எரிந்தாலும் உடைந்தாலும் ஒரு யென் கிடையாது. இதை நான் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும்.

"தனியா எழுதற மாதிரி ஏதாவது இருக்கா ஸார்?"

"அட, நீ வேற. எல்லாம் குப்பைம்மா."

அந்தக் குப்பையில் ஒன்றில்தான் எனக்குத் தேநீர் கொடுத்திருந்தார். கருப்புக் கிண்ணம். பக்கத்திலேயே குயவர் கையெழுத்துப் போட்ட மரப்பெட்டி. எனக்குத் தெரியாதா அதன் மதிப்பு? ஆனால் ஒருவர் தன் பொருளைக் குப்பை என்றால், "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் மரியாதை. அதற்கு மேல் விலையைப் பற்றி விதி படித்தால், அவர் வீட்டிலேயே அவரைப் பொய்யர் என்பது போல. நான் படிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். 'படித்துக்காட்டப்பட்டது' என்ற கட்டத்தில் டிக்கும் போட்டேன்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு ஹீட்டரிலிருந்து தீ பரவியது. பாதி வீடு போனது. ஸார் சேர்த்து வைத்திருந்த பதினொரு கிண்ணங்களும் போயின. வீட்டுக்கு வரும் பணம் திரும்பக் கட்டப் போதாது. கிண்ணங்களுக்கும் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் மகள் அப்பாவை ஒசாகாவுக்கு அழைத்துப்போவாள். அவள் ஃப்ளாட்டில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். முழங்கால் போன ஃபுமியே அம்மா இங்கே முதியோர் இல்லத்துக்கு. ஐம்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

அவர்கள் தங்கியிருந்த வாடகை அறைக்குக் கம்பெனியின் விசாரணை அதிகாரி இஸோகாய் வந்தார். நானும் இருந்தேன்.

"ஏஜென்ட் விதியைப் படிச்சுக் காட்டினாங்களா ஸார்?"

"காட்டினாங்க. ரெண்டு தடவை. நான்தான் காதுல வாங்கல." வாத்தியார் என் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், காது சிவந்துவிட்டது.

படிக்கவில்லை என்று தெரிந்தால் கம்பெனி கொடுத்தாக வேண்டும். என் வேலை போகும். அது அவருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்டவள்!

ஃபுமியே அம்மா நாற்காலியில் இருந்தபடியே காகிதக் கப்பில் தேநீர் நீட்டினார். "நல்ல கப்புகூட இல்ல. தப்பா நினைக்காதம்மா."

என்னால் அதை வாங்க முடியவில்லை.

"படிக்கல," என்றேன். "நான் படிக்கவே இல்ல. டிக் மட்டும்தான் போட்டேன்."

"சும்மா இரும்மா! உனக்கு வேற பொழப்பு இருக்கா?" என்று கத்தினார் வாத்தியார்.

"இல்ல ஸார். ஆனா படிக்கல."

இஸோகாய் புதுத்தாள் எடுத்தார். "அப்போ ஒவ்வொண்ணா மதிப்பு எழுதணும். முதல்ல அந்தக் கருப்புக் கிண்ணம். எப்படிப்பட்டது ஸார்?"

வாத்தியார் பழக்கத்தில் கையை ஆட்டினார். "அது என்ன பெரிய... வெறும் குப்..."

"இன்னிக்கு ஒரு நாள் அப்படிச் சொல்லாதீங்க," என்றார் ஃபுமியே அம்மா. "நாம ஒண்ணா இருக்கணும்."

வாத்தியார் ஆட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல கிண்ணம்ங்க," என்றார் கடைசியில். "ரொம்ப ரொம்ப நல்ல கிண்ணம்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இஸோகாய் எழுதிக்கொண்டார்.