கைமேல் உட்காருங்கள்

1

இந்தக் கதை என் தோள்வலியில் பிறந்தது. எழுதி எழுதித் தேய்ந்த தோள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் பிசியோதெரபி பார்க்கும் ரோஸ்மேரியோ, ஒருக்களித்துப் படுத்துப் போன் பார்த்ததால் வந்த வலி என்று சொல்லிவிட்டார். கையைத் தூக்கச் சொன்னதும் நான் போட்ட கூச்சலில், பக்கத்துப் பாயில் படுத்திருந்த நான்கு வயது ஸ்ரீமதி சிரித்துவிட்டாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். எனக்கு உடனே கதை வந்தது. வெட்கம்தான் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "நிலக்கோட்டை மல்லிகை மொட்டைப் போலப் படுத்திருந்த அந்தப் பிஞ்சு…"

[நிறுத்திவிட்டேன். அவள் அப்பா அழகுராஜா நிலக்கோட்டையில் பூ வேனுக்கு மூட்டை ஏற்றுகிறவர். இதை அவரிடம் படித்துக் காட்ட முடியாது.]

இரண்டாவது: "விதி என்னும்…"

[இதற்கு மொட்டே தேவலை.]

சரி, நடந்ததையே சொல்கிறேன். ஸ்ரீமதி பக்கவாட்டில் படுத்து, கையை ஊன்றி, தானாக எழுந்து உட்கார வேண்டும். மாதக்கணக்காக அதுதான் பயிற்சி. ஆனால் அவள் லேசாக முனகினால் போதும், அழகுராஜா அள்ளித் தூக்கிவிடுவார். அதனால் பிள்ளை பாதியில் கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டாள். வெளியே நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைமேலேயே உட்காருங்கள் என்றார் ரோஸ்மேரி. அழகுராஜா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தார்.*

* இந்த இடத்தில் நான் சிரித்தேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

3

முடிவு (அ): ஸ்ரீமதி எழுகிறாள், நடக்கிறாள், ஓடிப் போய்ப் பூ வேனைத் தொடுகிறாள். எழுதிவிட்டு நானே அழுதேன். அவள் அம்மா கௌசல்யாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நடக்க வச்சுட்டீகளாண்ணே? நீங்களும் அவரு மாதிரித்தான். பொறுக்க மாட்டாம தூக்கிவிட்டுட்டீக. நான் பக்கத்துல இல்லாத நேரம் அவளா எந்திரிச்சு ஒக்காரணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்."

வீட்டுக்கு வந்து வேனை அழித்தேன்.

முடிவு (ஆ): அவளால் முடியவே இல்லை, வெளியே மழை…

[தூக்கிவிடுவதைவிடத் தள்ளிவிடுவது மோசம். மழை வேறு.]

4

இன்று ஸ்ரீமதி முழங்கையை ஊன்றிவிட்டாள். தலை எழும்பிவிட்டது. கை நடுங்குகிறது.

"அப்பா" என்கிறாள்.

அழகுராஜா கைமேல் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். "இங்கனதான் இருக்கேன் தாயி. நீ எந்திரி."

அடுத்த வரியில் அவளை உட்கார வைக்க எனக்கு ஒரு நொடி ஆகாது. என் தோளும் இப்போது வலிக்கவில்லை. இருந்தாலும் பேனாவை வைத்துவிட்டு நானும் கைமேல் உட்காருகிறேன். வாசகரே, நீங்களும் உட்காருங்கள். அவசரப்பட்டு அவளிடம் எந்த முடிவையும் நீட்டிவிடாதீர்கள்.

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.